அர்ச்சுனன் அன்று குடித்திருக்கவில்லை

தர்மபுரி மாவட்டம், மொரப்பூர் அஞ்சல், மேல்புங்கனேரி கிராமம், மாரியம்மன் கோவில் தெருவில் குடியிருக்கும் மாதவராஜ் என்பவரின் மனைவி பானுமதி, வயது 44, என்பவர் 18.03.2025-ஆம் தேதி காலை 11.20 மணிக்குக் காவல் நிலையத்தில் தானாக ஆஜராகி, தேவிப்பிரியா என்பவர் கொடுத்த மனு சம்பந்தமாகக் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடன் இருபத்திரண்டு வருடங்களாகக் குடியிருந்து வந்தேன். பத்தாம் வகுப்பு வரை படித்துள்ளேன். தமிழ் நன்றாக எழுதப் படிக்கத் தெரியும். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எங்களுக்கு ஒரே மகன், கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படித்து வருகிறான். கடந்த நான்கு நாட்களாக நான் அரூரில் என் தங்கை அமுதவல்லி வீட்டில் தங்கியிருக்கிறேன்.

என் கணவர் போர்வெல் தொழில் செய்கிறார். உள்ளூரில் ஒரு போர் வண்டி ஓடுகிறது. 2021-ஆம் வருடம் இரண்டு வண்டிகளைக் கப்பல் மூலம் ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்ற நாட்டுக்கு அனுப்பி, நம் பக்கத்து ஆட்கள் பன்னிரண்டு பேரை அங்கே வேலைக்கு வைத்துள்ளார். அதில் ஒருவர் மேல்புங்கனேரி காலனியைச் சேர்ந்த சென்னப்பன் மகன் அர்ச்சுனன், வயது 31. அவர் தனது இருபதாவது வயதில் துளை போடும் ராடுகளை மாட்டும் வேலைக்கு எங்கள் வண்டியில் சேர்ந்தார். பிறகு வண்டியை இயக்கவும் கற்றுக்கொண்டார். எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை உண்டு. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசற்படிக்கு வெளியில்தான் நிற்பார். உள்ளே வா என்று நானும் சொன்னதில்லை.

அர்ச்சுனனின் மனைவி பெயர் தேவிப்பிரியா. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை உண்டு. தேவிப்பிரியாவின் தகப்பனார் குடித்தே இறந்தவர். அதனால் கல்யாணத்துக்கு முன்பே, குடிக்கக் கூடாது என்று தேவிப்பிரியா அர்ச்சுனனிடம் சத்தியம் வாங்கியிருந்ததும், வண்டியில் மற்ற ஆட்கள் இதற்காக அவரைக் கேலி செய்வதும் எனக்கு முன்பே தெரியும். என் கணவருக்கும் தெரியும்.

2024-ஆம் வருடம் ஆகஸ்டு மாதம் என் கணவர், “கல்யாணம் ஆன நாள்ல இருந்து உன்ன எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல, வா” என்று சொல்லி என்னை அந்த நாட்டுக்கு அழைத்துச் சென்றார். விமான நிலையத்துக்கு அர்ச்சுனன் வண்டி எடுத்து வந்திருந்தார். எங்கள் ஆட்கள் தங்கியிருந்த ஷெட்டில் அவரே களி கிண்டிப் போட்டார். அந்த ஊர்க்காரர்களும் மக்காச்சோள மாவில் களிதான் கிண்டிச் சாப்பிடுகிறார்கள், கீரையைக் கடைந்து தொட்டுக் கொள்கிறார்கள் என்று சொன்னார். மூன்று வருடத்தில் அவர்கள் பாஷையை நன்றாகப் பேசக் கற்றிருந்தார்.

அங்கே ஒரு வனப் பூங்காவில் காண்டாமிருகத்தைக் கால்நடையாகப் போய்ப் பார்க்கலாம் என்று என் கணவர் யாரோ போட்ட வீடியோவில் பார்த்திருந்தார். ஜீப்பில் உட்கார்ந்து பார்ப்பதை எல்லாரும் செய்கிறார்கள், நடந்து போய்ப் பார்த்தால்தான் பேச்சு என்று சொன்னார். 13.08.2024 அன்று அர்ச்சுனன் வண்டி ஓட்ட, நாங்கள் மூவரும் புறப்பட்டு, பூங்காவுக்கு வெளியே ஒரு விடுதியில் தங்கினோம். அன்று இரவு என் கணவர் மது அருந்தினார். அர்ச்சுனன் அருந்தவில்லை. எட்டு மணிக்கே வண்டிக்குள் படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் 14.08.2024 காலை ஆறரை மணிக்குப் பூங்கா வாசலில் துப்பாக்கி வைத்திருந்த வனக் காவலர் ஒருவர் வந்தார். பெயர் டெண்டாய் என்று சொன்னார். ஐம்பது வயது இருக்கும். அர்ச்சுனன் எங்கள் கம்பெனியின் ஆரஞ்சு கலர் பனியன் போட்டிருந்ததால் அந்த நிறம் ஆகாது என்று அவர் சொன்னார். மாற்றுச் சட்டை இல்லாததால் அர்ச்சுனன் பனியனைக் கழற்றி உள்பக்கம் வெளியில் வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார். அதன் பிறகு காவலர் சொன்ன விதிகளை அர்ச்சுனன் எங்களுக்குத் தமிழில் சொன்னார். “வரிசையா ஒருத்தர் பின்னால ஒருத்தர் நடக்கோணுமாம். பேசக் கூடாதாம். அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க, காதும் மூக்குந்தானாம். வந்துச்சுன்னா ஓடக் கூடாது, மரத்துக்குப் பின்னால போய் அசையாம நிக்கோணுங்கறாரு.” அதற்கு என் கணவர், “பாலக்கோட்டுப் பக்கம் யானையையே பாத்தவன் நானு, இவுரு எனக்குச் சொல்றாரா?” என்றார். அர்ச்சுனன் இதை அந்தக் காவலருக்கு மொழிபெயர்க்கவில்லை.

அதன் பிறகு நடந்தோம். காவலர் ஒரு சிறிய துணிப்பையில் சாம்பல் வைத்திருந்தார். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை அதை உதறி, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துப் பார்த்துத் திரும்பினார். சுமார் ஒரு மணி நேரம் கழித்துக் கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். நாற்பது அடி தூரத்தில் ஒரு தாய்க் காண்டாமிருகமும் குட்டியும் மேய்ந்துகொண்டிருந்தன. தாய் எங்கள் போர் வண்டியின் முன்பக்கம் அளவுக்கு இருந்தது. தலையைத் தூக்கவே இல்லை. கட்டுத்தறியில் எருமை புல் தின்னும்போது வருகிற சத்தம்தான் வந்தது. ஒரு காது முன்னாலும் ஒரு காது பின்னாலும் தனித்தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இது வழக்குக்குத் தேவையில்லை என்று தெரியும். ஆனால் அதுவரை அங்கே ஒரு தப்பும் நடக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

திருடர்கள் கொம்புக்காகச் சுட்டுவிடக் கூடாது என்று அந்த மிருகத்தின் கொம்பைப் பூங்காக்காரர்களே அறுத்துவிட்டிருந்தார்கள். அடிக்கட்டைதான் இருந்தது. என் கணவர், “மொட்டையப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?” என்று மெதுவாகச் சொன்னார். அவரது செல்போனை அர்ச்சுனனிடம் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லியிருந்தார். தலையைத் தூக்கினால் வீடியோ நன்றாக இருக்கும், விசில் அடி என்று அர்ச்சுனனிடம் சைகை காட்டினார். அர்ச்சுனன் மாட்டேன் என்று தலையாட்டினார். அந்த நேரத்தில் இன்னொரு மிருகம் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கக் காவலர் எங்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, பத்து அடி முன்னால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

அப்போது என் கணவர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். எலுமிச்சம்பழத்தை விடப் பெரிய கல். அர்ச்சுனன், “வேணாங்கண்ணா, குட்டி இருக்குது” என்றார். என் கணவர் எறிந்தார். கல் குட்டியின் மேல் பட்டது. அது கத்தியது. அவ்வளவு பெரிய மிருகத்தின் குட்டி அப்படி மெல்லிய குரலில் கத்தும் என்று நான் நினைக்கவில்லை. தாய் உடனே திரும்பி எங்களைப் பார்த்து வந்தது.

எனக்குக் கால் நகரவில்லை. அர்ச்சுனன்தான் செல்போனைக் கீழே போட்டுவிட்டு, என் தோளைப் பிடித்து இடதுபுறம் இருந்த மரத்துக்குப் பின்னால் தள்ளினார். அவரும் என் முதுகை ஒட்டி நின்றார். “அசையாதீங்க அக்கா” என்றார். என் கணவர் முதலில் வேறு பக்கம் ஓடினார். அதன் பிறகு திரும்பி எங்கள் மரத்துக்கு வந்தார். வந்தவர் அர்ச்சுனனின் பனியனைக் கழுத்துப் பக்கம் பிடித்து வெளியே இழுத்துவிட்டு, அவர் நின்ற இடத்தில் தான் நின்றுகொண்டார். அர்ச்சுனன் இரண்டு எட்டு பின்னால் போய்த் தடுமாறி விழுந்தார். எழுந்திருப்பதற்குள் அது வந்துவிட்டது. தலையால் ஒருமுறை தூக்கிப் போட்டது. அதன் பிறகு காவலர் ஓடி வந்து வானத்தைப் பார்த்துச் சுட்டார். மிருகம் குட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அந்த மரம் நம்மூர்ப் புளியமரம் போல அகலமானது. பின்னால் மூன்று பேர் தாராளமாக நிற்கலாம். இதை நான் அப்போதே பார்த்தேன்.

அர்ச்சுனனுக்கு வெளியில் பெரிய காயம் இல்லை. நெஞ்சு ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. காவலர் வரவழைத்த பூங்கா ஜீப்பில் ஏற்றி, அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி இரண்டு மணி நேரத் தூரம். வழியில் அவருக்கு நினைவு இருந்தது. “அக்கா, பிரியாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க, பயந்துக்கும். ஞாயித்துக்கிழம நானே பேசறேன்” என்று சொன்னார். என் கணவர் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி போவதற்கு முன்பே அர்ச்சுனன் இறந்துவிட்டார். அவர் வாயில் மது வாசனை இல்லை. என் மடியில் இருந்தவர், எனக்குத் தெரியும்.

அதன் பிறகு அந்த நாட்டுப் போலீசார் வந்தனர். என் கணவர் அவர்களிடம், எங்கள் வேலையாள் முதல் நாள் இரவு முழுவதும் குடித்திருந்தார், போதையில் காவலர் சொன்னதைக் கேட்காமல் மிருகத்தின் பக்கம் போய்விட்டார், காவலரும் தடுக்கவில்லை என்று இங்கிலீஷில் சொன்னார். காவலர் இல்லை இல்லை என்று கையை ஆட்டினார். ஆனால் கல் எறிந்தபோது அவர் முதுகைக் காட்டி நின்றார், இழுத்துவிட்டதை மரம் மறைத்துவிட்டது; இரண்டையும் அவர் பார்க்கவில்லை. பார்த்தது நான் ஒருத்திதான். ஒரு தாளைத் தட்டச்சு செய்து கொண்டுவந்து என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். குடித்திருந்தார் என்று எழுதியிருந்த இடம் எனக்குப் புரிந்தது. கையெழுத்துப் போட்டேன். தெரியாமல் போட்டேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். அந்தக் காவலரிடமிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வேலையை விட்டு நிறுத்திவிட்டதாக, அங்கே எங்கள் வண்டியில் வேலை செய்யும் கலைவாணன் பிறகு போனில் சொன்னார்.

கீழே விழுந்த செல்போனை நான்தான் எடுத்து என் பையில் வைத்திருந்தேன். அது நிற்காமல் பதிவாகிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அந்த வீடியோவை முழுவதும் என் போனுக்கு அனுப்பிக்கொண்டேன். என்ன நினைத்து அனுப்பினேன் என்று எனக்கே தெரியாது. பிறகு என் கணவர் தன் போனை வாங்கிக்கொண்டார்.

02.09.2024 அன்று அர்ச்சுனனின் உடல் பெங்களூர் வழியாகப் பெட்டியில் வந்தது. பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காலனியில் எல்லார் முன்னிலையிலும் என் கணவர், “எத்தன தடவ சொன்னேன், குடிக்காதடான்னு” என்று சொல்லி அழுதார். உண்மையாகவே கண்ணீர் வந்தது. அதைக் கேட்ட தேவிப்பிரியா அழுகையை நிறுத்திவிட்டார். பெட்டியைப் பார்த்து, “எங்கப்பன் மாதிரியே நீயும் பண்ணிட்டியா? போ” என்று சொன்னார். அதன் பிறகு பெட்டியின் பக்கமே வரவில்லை. கடைசியில் மண் போடவும் வரவில்லை. குழந்தையையும் விடவில்லை. நான் அவருக்கு இரண்டு கை தூரத்தில் நின்றிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு என் கணவர் அந்த வீடியோவில் கல் எறிந்தது வரை உள்ளதையும் போன் கீழே விழுந்த பின்பு உள்ளதையும் வெட்டிவிட்டு, மிருகம் ஓடி வருகிற பாகத்தை மட்டும் வைத்து எல்லாருக்கும் அனுப்பினார். மொரப்பூர் கடைத்தெருவில் அவரைக் காண்டாமிருகம் மாதவராஜ் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் சிரித்துக்கொள்வார். உயிர் தப்பி வந்ததற்காகத் தீர்த்தமலைக் கோவிலில் மொட்டை போட்டு நூறு பேருக்குச் சாப்பாடு போட்டார். நான் பாயாசம் பரிமாறினேன். சாப்பிட்டவர்கள், உன் தாலி பாக்கியம் கெட்டி என்று என்னிடம் சொன்னார்கள்.

24.02.2025 அன்று தேவிப்பிரியா கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாளில், தன் கணவர் எப்படி இறந்தார் என்று விசாரித்துச் சொல்லும்படி மனு கொடுத்திருந்ததாக, 12.03.2025 அன்று எங்கள் வீட்டுக்கு விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அன்று சாயங்காலம் என் கணவர் என்னிடம், “அங்க சொன்னதையே இங்கயும் சொல்லிரு. ரெண்டு வண்டி நின்னா பன்னண்டு குடும்பம் நடுத்தெருவுக்கு வரும்” என்றார். நான், “அவன எதுக்கு இழுத்துவிட்டீங்க?” என்று கேட்டேன். ஏழு மாதத்தில் அன்றுதான் கேட்டேன். அதற்கு அவர், “உங்கிட்ட வந்து நிக்கத்தான். நீ என் பொண்டாட்டி இல்லியா?” என்றார். அவர் சொன்னதை அவரே நம்புகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. மறுநாள் அந்த வார்த்தையையே தன் அண்ணனிடமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். 14.03.2025 அன்று நான் பையை எடுத்துக்கொண்டு அரூர் பஸ் ஏறினேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. இந்த வாக்குமூலத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

இதுவரை ஏன் சொல்லவில்லை என்று கேட்கப்பட்டதற்கு, என் மகனின் படிப்பு, என் வீடு, ஊரில் எனக்கிருந்த மரியாதை ஆகிய மூன்றும் போய்விடும் என்று பயந்துதான் சொல்லவில்லை. வேறு காரணம் இல்லை. கணவரின் மேல் இருந்த பாசத்தால் என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே வருவதற்கு முன்பு, நேற்று 17.03.2025 காலை பத்து மணிக்கு நான் மேல்புங்கனேரி காலனிக்குப் போனேன். தேவிப்பிரியா துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, “வாங்கக்கா” என்றார். உட்காரச் சொல்லி நாற்காலி எடுத்துவரப் போனவரைத் தடுத்து, நின்றபடியே நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். கல்லையும் சொன்னேன். இழுத்துவிட்டதையும் சொன்னேன். நான் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். அவர் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தார். சொல்லி முடித்ததும், “எங்க மாமியாளுக்குச் சொல்லுங்க” என்றார்.

அர்ச்சுனனின் தாயார் ராமக்காள், வயது சுமார் 65, வெளியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. நான் பக்கத்தில் போய்ச் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. தேவிப்பிரியா, “சத்தமாச் சொல்லுங்க” என்றார். நான் சத்தமாகச் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. “இன்னும் சத்தமாங்க” என்றார். அதனால் தெருவில் நின்று கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். என் புருஷன்தான் உங்க மகன வெளிய இழுத்துவிட்டாரு என்று எல்லார் எதிரிலும் கத்தினேன்.

அதற்கு ராமக்காள், “குடிக்கலியா?” என்று மட்டும் கேட்டார்.

“குடிக்கல ராமக்கா” என்றேன்.

“ஆ?”

“குடிக்கல! ஒரு சொட்டுக் கூடக் குடிக்கல!” என்று கத்தினேன்.

அவர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். தேவிப்பிரியா துணியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு உள்ளேயிருந்து அழுகை கேட்டது. அர்ச்சுனன் பெயரைச் சொல்லிச் சொல்லி, மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அழுதார். வெளியில் நின்ற பெண்கள் நாலைந்து பேர் கதவைத் தட்டித் திறந்து உள்ளே போய் அவருடன் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அர்ச்சுனன் இறந்து ஏழு மாதம் கழித்துத்தான் அந்த வீட்டில் சாவு விழுந்தது. நானும் உள்ளே போகலாமா என்று வாசற்படி வரை போனேன். யாரும் தடுக்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

வெட்டப்படாத வீடியோ இருக்கும் என் செல்போனை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதில் வேணாங்கண்ணா என்று சொல்வது அர்ச்சுனனின் குரல். இந்த வாக்குமூலத்தின் நகலை அந்த வெளிநாட்டுப் பூங்காவுக்கும் அனுப்பி, டெண்டாய் என்ற காவலரின் மேல் தவறில்லை என்று தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பொய்க் கையெழுத்துப் போட்டதற்கு என் மேல் எடுக்கும் நடவடிக்கைக்கு நான் கட்டுப்படுகிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை நானே படித்துப் பார்த்தேன். இதில் உள்ளவை யாவும் நான் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் செய்தும் செய்யாமல் விட்டும் நடந்தவை; உண்மையைத் தவிர வேறில்லை என்று அறிந்தே கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மா. பானுமதி
18.03.2025, பகல் 1.45 மணி